நர்சிங் சேர்க்கை: கட்டணம் கேட்கும் முன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வெளியானதுமே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பக்கங்களில் நர்சிங் சேர்க்கை விளம்பரங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. ஹாஸ்டல் உண்டு, பஸ் உண்டு, நூறு சதவீத வேலை உண்டு, வெளிநாடு உண்டு. படித்து முடிக்க மொத்தம் எவ்வளவு ஆகும், முடித்ததும் உள்ளூரில் என்ன சம்பளம் என்ற இரண்டு தகவல்கள் மட்டும் எந்த விளம்பரத்திலும் இருப்பதில்லை. செவிலியர் கல்வியிலும் மருத்துவமனை நிர்வாகத்திலும் வேலை பார்த்தவர்கள் என்ற முறையில், அந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டவே இதை எழுதுகிறோம். பெற்றோர் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்குதான்.

கட்டணத்துக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படிப்பை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா? பதிவு கிடைக்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்றுதான்: இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர்), மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர்) பட்டயம், நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். ஸ்டாப் நர்ஸ் வேலைக்கு பின்னிரண்டு மட்டுமே செல்லும். சமுதாயக் கல்லூரிகளிலும் தனியார் பயிற்சி மையங்களிலும் நடக்கும் ஓராண்டு ஹெல்த் அசிஸ்டன்ட், நர்சிங் அசிஸ்டன்ட் படிப்புகளுக்கு இந்தப் பதிவு கிடையாது. அந்தப் படிப்புகளே தப்பு என்று சொல்லவில்லை. கிளினிக்கில் உதவியாளராகவோ, வீட்டில் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளவோ அவை போதும். ஆனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'ஒரு வருட நர்சிங்' என்ற போஸ்டரைப் பார்த்துச் சேர்ந்த பெண், அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கவுன்சில் எண் கேட்கும் கட்டத்தைப் பார்க்கிறாள். அந்த ஓராண்டை ஜி.என்.எம்.மில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. முதல் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள், 'இங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தாலே நர்ஸ் ஆகிவிடலாம், நல்ல சம்பளம்' என்று போனில் சொல்வதாலும் குழப்பம் வருகிறது. அவர்கள் சொல்வது உண்மைதான். அங்கே இரண்டாண்டு அசோசியேட் பட்டம் முடித்தவரும் நான்காண்டு பட்டம் முடித்தவரும் என்க்ளெக்ஸ் ஆர்.என். என்ற ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், ஒரே உரிமம்தான் பெறுகிறார்கள். உள்ளூர்வாசிக்குச் சமுதாயக் கல்லூரியின் சராசரிப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 4,000 டாலரை ஒட்டியது. பதிவு பெற்ற செவிலியரின் இடைநிலை ஆண்டு வருமானம், 2024 மே மாத அரசுக் கணக்குப்படி, 93,600 டாலர். படிப்புக்குப் போட்ட பணம் முதல் வருடத்திலேயே கைக்கு வந்துவிடும். ஆனால் அது அந்த மாவட்டத்தில் வீடு இருந்து, வரி கட்டி, வீட்டிலிருந்தே காரில் கல்லூரிக்குப் போய்வருகிறவரின் கணக்கு. மாணவர் விசாவில் போகிறவருக்குக் கட்டணம் பல மடங்கு. படித்த பின் அங்கேயே வேலையில் தொடர விசா கிடைப்பது வேறு பெரிய பாடு. அந்தக் கணக்கை மன்னார்குடிக்குக் கொண்டுவந்து போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

சரி, இங்கே வருவோம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்திய நர்சிங் கவுன்சில், மாநிலக் கவுன்சில் இரண்டின் இணையதளங்களிலும் அந்தக் கல்லூரியின் பெயர், அந்த ஆண்டுக்கான அனுமதி, எத்தனை இடங்கள் என்ற மூன்றையும் பாருங்கள். போன ஆண்டு அனுமதி இருந்தது என்பது இந்த ஆண்டுக்குச் சான்றாகாது. பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைவும் வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்த அங்கீகாரம். பெங்களூரு பக்கம் அழைத்துப்போகும் ஏஜென்டுகள் டெல்டாவில் நிறையப் பேர். கர்நாடகத்தில் படித்தால் அங்கே பதிவு செய்து, தடையின்மைச் சான்று வாங்கி, பிறகு இங்கே பதிவை மாற்ற வேண்டும். அதற்குள் ஒரு எம்.ஆர்.பி. அறிவிப்பு வந்து போய்விடலாம்.

அடுத்து, கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தை அல்ல, உள்நோயாளிகளை. காலை பத்து மணிக்கு வார்டுக்குள் நடந்தால் எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது? நோயாளி இல்லாத மருத்துவமனையில் மாணவி கற்றுக்கொள்வது படுக்கை விரிப்பதும் ரெக்கார்டு எழுதுவதும்தான். மாணவி தான் பார்த்த பிரசவங்களைப் பதியும் பிரசவக் கேஸ் புக் நிரம்ப வேண்டுமென்றால் பிரசவம் நடக்க வேண்டும். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையிலும் கும்பகோணம் அரசு மருத்துவமனையிலும் பிரசவங்களுக்குக் குறைவில்லை; ஆனால் பல கல்லூரிகளின் மாணவிகள் ஒரே நேரத்தில் அங்கே நிற்கிறார்கள். ஒரு பிரசவத்தைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, எட்டுப் பேரும் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொண்டால், வேலையில் சேர்ந்த முதல் இரவு டியூட்டியிலேயே அது வெளுத்துவிடும். மூன்றாம் ஆண்டு மாணவிகளைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள்.

இப்போது செலவு. கல்லூரிக்குக் கல்லூரி தொகை மாறும் என்பதால் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறோம். உங்களுக்குக் கிடைத்த எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பி.எஸ்சி., படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 70,000 ரூபாய். ஹாஸ்டலும் மெஸ்ஸும் 50,000. இவற்றைத்தான் சேர்க்கை மேசையில் சொல்வார்கள். சொல்லாதவை: சீருடை, காலணி, மருத்துவமனைக்குப் போகும் பஸ், அரசு மருத்துவமனையில் பயிற்சி பெறுவதற்கான கட்டணம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு, புத்தகம், விளக்கேற்றும் விழாவுக்கு ஒரு வசூல், கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு வசூல். எல்லாம் சேர்ந்து 20,000 என்று குறைத்தே வைப்போம். ஆண்டுக்கு 1,40,000, நான்கு ஆண்டுக்கு 5,60,000. இதே முறையில் தனியார் ஜி.என்.எம்.முக்கு ஆண்டுக்கு 50,000 கட்டணம், 50,000 ஹாஸ்டல், 15,000 இதர செலவு என்று வைத்தால் மூன்று ஆண்டுக்கு 3,45,000.

அரசு செவிலியர் பள்ளியில் ஜி.என்.எம். கிடைத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. கட்டணம் சொற்பம், மாத உதவித்தொகையும் உண்டு, தினமும் நூற்றுக்கணக்கான நோயாளிகள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளையை, 'டிகிரி இல்லையே' என்று தனியார் பி.எஸ்சி.க்கு மாற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். எங்களுக்கு அது புரிவதில்லை. பின்னால், ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். இடையில் சம்பாதித்த பணத்திலேயே படிக்கலாம்.

பி.எஸ்சி.தான் என்று முடிவு செய்தால் முதலில் அரசுக் கலந்தாய்வில் விண்ணப்பியுங்கள். நீட் தேவையில்லை, இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான். தனியார் கல்லூரியிலேயே அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கட்டணம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான கல்வி உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீடு என்றாலே சிக்கலாகிவிடும். ஆகவே ஜூன் மாதமே ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு வருவதுதான் நடக்கிற தவறுகளிலேயே விலை உயர்ந்தது. கலந்தாய்வில் இடம் கிடைத்த அன்று சான்றிதழ் கையில் இருக்காது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். ஒரு சான்றுக்கு 60 ரூபாய்தான்.

பணம் போதாவிட்டால் கல்விக்கடன். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை பிணையும் கேட்கக்கூடாது, கைப்பணமும் கேட்கக்கூடாது. படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கிடையாது. இந்தத் தவணை இல்லாத காலத்தில்தான் கடன் ஓசைப்படாமல் வளர்கிறது. மேலே சொன்ன செலவில் ஆண்டுக்கு 75,000 வீதம் 3 லட்சத்தைக் கடனாக வாங்கி, மீதியைக் கையிலிருந்து போடுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10.5 சதவீதம். முதல் ஆண்டுத் தொகைக்கு ஐந்து ஆண்டு வட்டி 39,375; இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்கு ஆண்டு வட்டி 31,500; அடுத்தவற்றுக்கு 23,625, 15,750. ஆக வட்டி மட்டும் 1,10,250. தவணை தொடங்கும் நாளில் கடன் 4,10,250 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 5,536. பதினைந்து ஆண்டு என்று இழுத்தால் மாதம் 4,535தான், ஆனால் கட்டி முடிக்கும்போது 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் தவணை 4,048க்கு இறங்கும். முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 656 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 1,313, மூன்றாம் ஆண்டில் 1,969, நான்காம் ஆண்டில் 2,625. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மயிலாடுதுறைக்கு அருகே உள்ள மூவலூரில் வளர்ந்து பெண்களுக்காகப் போராடிய ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் அது. நம் மண்ணின் பெயர். அரசுப் பள்ளிப் பையன்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 உண்டு. அந்தப் பணம் வரும் கணக்கிலிருந்தே கல்விக்கடன் வட்டிக்கு நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால் முதல் ஆண்டு வட்டி முழுக்க அதிலேயே அடைந்துவிடும். ரீசார்ஜுக்கும் பஸ்ஸுக்கும் கரைகிற பணம் அது என்பதால் சொல்கிறோம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியமும் உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அது கிடையாது. கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் போன்றவற்றின் தரச்சான்று பெற்ற நிறுவனமா என்று வங்கி பார்க்கும். சேரும் முன்பே அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வருமானம். டெல்டா நகரங்களின் நடுத்தரத் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு 12,000, 15,000 என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 15,000 என்றே வைத்து ஒரு சம்பளச் சீட்டைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 9,000 என்று காட்டினால் பி.எஃப். 12 சதவீதம் 1,080. ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 113. கையில் 13,807. மருத்துவமனை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 4,500 பிடித்தால் 9,307. கடன் தவணை 5,536 போனால் மிச்சம் 3,771 ரூபாய். ஒரு முழு மாத, இரவு டியூட்டியோடு சேர்ந்த உழைப்புக்கு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்காமல் ரொக்கமாகக் கொடுக்கும் இடங்களில் கையில் கூடுதலாகத் தெரியும். பின்னால் அதற்கு வேறு விலை கொடுக்க வேண்டியிருக்கும், சொல்கிறோம்.

பி.எஸ்சி.க்கும் ஜி.என்.எம்.முக்கும் இந்த மருத்துவமனைகளில் சம்பள வித்தியாசம் மிகக் குறைவு. மாதம் 1,500 என்று தாராளமாகவே வையுங்கள். செலவு வித்தியாசம் 2,15,000. பி.எஸ்சி. மாணவி நான்காம் ஆண்டு படிக்கும்போது ஜி.என்.எம். முடித்தவள் சம்பாதித்திருப்பது சுமார் 1,65,000. இரண்டும் சேர்ந்து 3,80,000. ஆண்டுக்கு 18,000 கூடுதல் சம்பளத்தில் அதை ஈடுகட்ட இருபத்தோரு ஆண்டுகள் ஆகும். கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ தனியார் வேலைதான் போதும் என்பவருக்குக் கடன் வாங்கி பி.எஸ்சி. படிப்பது முதலுக்கே மோசம். மத்திய அரசு வேலை, வெளிநாடு, நர்சிங் ஆசிரியர் பணி ஆகிய மூன்றில் ஒன்றைக் குறிவைப்பவருக்கு மட்டும் அந்தக் கூடுதல் செலவு தகும்.

மாநில அரசு வேலையைப் பொறுத்தவரை 'கவர்மென்ட் நர்ஸ்' என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். எம்.ஆர்.பி. 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தேர்வு செய்தபோது தொகுப்பூதியம் மாதம் 7,700. அது 14,000 ஆகி, 2023இல் 18,000 ஆனது. காலமுறை ஊதியத்துக்கு மாற்றச் சொல்லி அவர்கள் நடத்திய போராட்டங்களைத் தங்கள் நாளிதழே எத்தனை முறை வெளியிட்டிருக்கிறது! நிரந்தரம் எப்போது என்று தெரியாமல் கடன் தவணையை அதன்மேல் கட்ட முடியாது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு வேறு வகை. நர்சிங் ஆபீசர் பதவி, ஊதிய நிலை 7, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900, படிகள் தனி. காரைக்காலில் கிளை வைத்திருக்கும் ஜிப்மரிலும் இதே நிலைதான். பி.எஸ்சி. முடித்தவர் நேரடியாக நார்செட் எழுதலாம். ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். பெண்களுக்கு 80 சதவீத இடம். போட்டி கடுமை, தேர்வு ஆங்கிலத்தில் ஓடும். மூன்றாம் ஆண்டிலிருந்தே தயாராக வேண்டும்.

தனியார் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், 2016இல் உச்ச நீதிமன்ற வழிகாட்டலில் மத்திய அரசு அமைத்த குழு சொன்னதை எடுத்துப் பார்க்கலாம். 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம். 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மிகாத குறைவு. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மிகாத குறைவு. 50க்கும் கீழே என்றால் குறைந்தது 20,000. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக அறிவித்துவிட்டது. நம் ஊரில் அந்தப் பரிந்துரை கோப்பில் உறங்குகிறது.

வெளிநாடு என்பவர்களுக்கு ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்: அனுபவச் சான்று. வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுக்கு முன் டேட்டாஃப்ளோ நிறுவனம் உங்கள் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் வேலை பார்த்த மருத்துவமனைக்கும் நேரடியாக எழுதிச் சரிபார்க்கும். சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, முழுநேரமா என்பது இருக்க வேண்டும். அந்தத் தேதிகள் பி.எஃப். பதிவோடும் வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போக வேண்டும். ரொக்கச் சம்பளம் வாங்கியவருக்கு இங்கேதான் அடி. பதினைந்து படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று ஆண்டு உழைத்தும் அது கணக்கில் வராமல் போகலாம். சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு மருத்துவமனை பதில் போடாவிட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடும். வேலையை விடும்போது சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள் என்பது இதனால்தான். பெயர்ச் சிக்கல் வேறு. மதிப்பெண் பட்டியலில் ஒற்றை இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கவுன்சில் சான்றில் கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மூன்று நாடுகளில் நிரூபிக்க வேண்டிவரும். கவுன்சிலில் பதிவு செய்யும் அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது சட்டப்படி தேவையே இல்லை. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. சவூதி உள்ளிட்ட நாடுகளுக்குச் செவிலியர் அறிவிப்புகள் அங்கே வருகின்றன. பெரும்பாலும் பி.எஸ்சி.யும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்றவற்றில் 7 வேண்டும். அங்கே 2024க்குப் பிறகு வெளிநாட்டு ஆள்சேர்ப்பை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே படிப்பு நான்கு, அனுபவம் இரண்டு, தேர்வும் விசாவும் சேர்ந்து சுமார் ஒன்று என ஏழு ஆண்டுக்குப் பிறகு வரும் சம்பளத்தை இன்றைய கடனுக்கு ஈடாகக் காட்டும் பேச்சை நம்பாதீர்கள்.

பாண்டு, அதாவது வேலை ஒப்பந்தப் பத்திரம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கட்டணத்தில் சலுகை, பிறகு எங்கள் மருத்துவமனையிலேயே இரண்டு ஆண்டு வேலை என்று சில நிர்வாகங்கள் எழுதி வாங்குகின்றன. சலுகை எவ்வளவு, அந்த இரண்டு ஆண்டில் சம்பளம் எவ்வளவு என்பது அதே காகிதத்தில் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். அசல் சான்றிதழ்களை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் உரிமையில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எந்தெந்தச் சான்று என்று வரிசையாக எழுதி முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

டெல்டாவுக்கே உரிய கஷ்டம் ஒன்று மிச்சம் இருக்கிறது. கல்லூரிகள் கட்டணம் கேட்பது ஜூலை, ஆகஸ்டில். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, குறுவை நடவுக்கு விதை, உரம், ஆள் கூலி என்று வீட்டில் இருந்ததெல்லாம் வயலில் இறங்கியிருக்கும் நேரம் அது. குறுவைப் பணம் வர அக்டோபர் ஆகும். சம்பா, தாளடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்க் கணக்கில் பணம் ஏறப் பிப்ரவரி, மார்ச். அந்த இடைவெளியில்தான் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகிறது, அதுவும் தீர்ந்தால் வாரத் தவணைக் குழுக்கடன் வாசலுக்கு வருகிறது. குழுக்கடனின் வட்டி கல்விக்கடனின் இரண்டு மடங்கைத் தொடும். கல்லூரிக்குக் கூடுதலாக ஒரு காசு செலவில்லாத தீர்வு இருக்கிறது: சேரும்போது கால் பங்கு, அக்டோபர் இறுதியில் கால் பங்கு, மார்ச்சில் பாதி. சேர்க்கையின்போதே எழுத்தில் கேளுங்கள். சில நிர்வாகங்கள் ஒத்துக்கொள்கின்றன, கேட்பவர்தான் குறைவு.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நர்சிங் சேர்க்கை விளம்பரங்களை ஏற்கும்போது, நடப்பு ஆண்டின் கவுன்சில் அனுமதி எண், அனுமதிக்கப்பட்ட இடங்கள், முழுப் படிப்புக்குமான மொத்தக் கட்டணம் ஆகிய மூன்றையும் அச்சிட்டால்தான் வெளியிடுவோம் என்று தங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாமே. ஓராண்டுப் படிப்பு என்றால் 'கவுன்சில் பதிவுக்கு உரியதல்ல' என்ற வரியும் அதே எழுத்து அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செவிலியர் கல்வித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் சிலர்,
கும்பகோணம்.